சின்னப் பிள்ளைகளோடு கடலோரம் இரண்டு இரவு: மாமல்லபுரம் பக்கம் போகிறவர்களுக்கு

கடலோர விடுதியில் வார இறுதி என்றால் சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு திரும்புவதாகத்தான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். நாங்களும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் போனோம். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரும்பாலான விடுதிகளில் மதியம் 2 மணி வாக்கில்தான் அறை கொடுப்பார்கள். மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளை மணலில் விடக்கூடிய நேரமோ காலை 6 மணியிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. ஆக, சனி போய் ஞாயிறு வந்தால் கையில் இருப்பது ஒரு மாலை, ஒரு காலை. அந்த மாலையில் பிள்ளை அசந்து தூங்கிவிட்டால் பாதி போயிற்று.

வெள்ளி இரவே போய்ச் சேருங்கள். சனி காலை, சனி மாலை, ஞாயிறு காலை என்று மூன்று வேளை கடல் கிடைக்கும். வெள்ளி இரவு வாடகை சனி இரவை விடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கீழே நான் சொல்கிற எல்லாமே இந்த மூன்று வேளையை நல்லபடியாகக் கழிப்பதற்காகத்தான். மற்ற நேரத்தில் பிள்ளைகள் சாப்பிடட்டும், தூங்கட்டும், அறையில் மெத்தைமேல் குதிக்கட்டும்.

எங்கள் வீடு தாம்பரத்தில். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. மகள் தவழ்ந்த காலத்திலிருந்து கோவளம் தொடங்கி மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரைக்கும் உள்ள விடுதிகளில் ஏழு தடவை தங்கியிருக்கிறோம். நான் பிறந்தது நாகப்பட்டினத்தில். கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். அதனால் கடல் பற்றிய பகுதி மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

எப்போது போகலாம்

பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான் எனக்குப் பிடித்தவை. காற்று இதமாக இருக்கும், மணல் சீக்கிரம் சுடாது. பொங்கல் விடுமுறையில் வேண்டாம். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்று போகிறவர்கள் காலை வேளையை 8 மணிக்கே முடித்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் வழி நெடுக நுங்கு கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அந்தச் சமயத்தில் தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.

விடுதிக்குப் போன் செய்து கேட்க வேண்டியவை

படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். போன் செய்து, முன்பதிவுப் பிரிவில் கேட்பதோடு விடாமல், வரவேற்பில் இருப்பவரிடமும் பேசுங்கள். நான் முதலில் கேட்பது இதுதான்: அறைக் கதவு எந்தப் பக்கம் பார்த்துத் திறக்கிறது?

இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்கிறேன். ஒரு விடுதியில் தரைத்தளத்தில் அறை கொடுத்தார்கள். பின்பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளினால் நாலு எட்டில் நீச்சல் குளம், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. பார்க்க அவ்வளவு அழகு. மறுநாள் விடியற்காலை ஐந்தரை இருக்கும், காலில் காற்று படுகிற மாதிரி இருந்ததால் விழித்தேன். திரை அசைந்துகொண்டிருந்தது. இரண்டு வயதுகூட ஆகாத மகன் கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டு, வெளித் திண்ணையில் குளத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கதவின் கொண்டி அவன் மார்பு உயரத்தில்தான் இருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அவன் சிரித்தான். எனக்கு அன்று மதியம் வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து நீச்சல் குளத்தை ஒட்டிய தரைத்தள அறையை நாங்கள் எடுப்பதில்லை. மாடி அறையென்றால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும், ஏறி நிற்கிற மாதிரி அங்கே நாற்காலி கிடக்கிறதா என்பதையும் பார்க்கிறேன். எங்கே தங்கினாலும் மகளின் பரதச் சலங்கையில் ஒன்றை அறைக் கதவின் கைப்பிடியில் கட்டிவிடுகிறேன். கதவு ஓர் அங்குலம் அசைந்தாலும் சத்தம் கேட்கும். சலங்கை இல்லாவிட்டால் பழைய கொலுசு இரண்டைச் சேர்த்துக் கட்டுங்கள்.

அடுத்து, பிள்ளைகளுக்குத் தனிக் குளம் இருக்கிறதா, எத்தனை அடி ஆழம், உயிர்காப்பாளர் எத்தனை மணி வரை இருப்பார் என்று கேளுங்கள். 'இருக்கு மேடம்' என்று பொதுவாகச் சொன்னால் விடாமல் ஆழத்தை எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். காலைச் சாப்பாடு எத்தனை மணிக்குத் தொடங்கும்? பல இடங்களில் ஏழரை. ஆறு மணிக்கே எழுந்து மணலில் ஓடிய பிள்ளை ஏழு மணிக்குப் பசியில் அழும் என்பதை மனதில் வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பால் கிடைக்குமா, அறையில் கெட்டில் இருக்கிறதா, கடலிலிருந்து வந்து கால் கழுவ வாசலில் குழாய் இருக்கிறதா, குளியலறையில் கை ஷவர் உண்டா, இவையும் கேட்க வேண்டியவை. தலையில் புகுந்த மணலைக் கை ஷவர் இல்லாமல் எடுப்பது பெரும் பாடு.

பணம் பற்றி ஒன்று. ஐந்து வயது வரை இலவசம் என்பார்கள், ஆறு வயதானதும் கூடுதல் படுக்கைக்குத் தனியாக வாங்குவார்கள். இந்த வயது வரம்பு விடுதிக்கு விடுதி மாறும். இரவு வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்குள் இருந்தால் இப்போது 5 சதவீதம். 7,800 சொல்கிற இடத்தில் 7,500-க்குக் கேட்டுப் பாருங்கள், வரியோடு சேர்த்து நல்ல வித்தியாசம் வரும்.

வெள்ளி இரவுப் பயணம்

ஏழு மணிக்கே வீட்டில் சாப்பாடு முடித்து, இரவு உடையை மாட்டி, பல்லும் விளக்கிவிட்டுத்தான் பிள்ளைகளைக் காரில் ஏற்றுகிறோம். எட்டு மணிக்குக் கிளம்பினால் கேளம்பாக்கம் வருவதற்குள் இரண்டும் தூங்கிவிடும். தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர், பூஞ்சேரி என்று போங்கள். வெள்ளி மாலை திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும். செங்கல்பட்டுக்காரர்களுக்குத் திருக்கழுக்குன்றம் வழி இருக்கவே இருக்கிறது. எத்தனை மணிக்கு வருவோம் என்று விடுதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒருவர் ஆதார் நகலைக் கொடுத்துக் கையெழுத்துப் போடட்டும், மற்றவர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நேரே அறைக்குப் போகட்டும்.

பையில் என்னென்ன என்று பெரிய பட்டியல் தேவையில்லை. ஆனால் இரண்டு பழைய எட்டு முழ வேட்டிகள் கட்டாயம். டர்க்கி டவல் ஈரத்தையும் மணலையும் பிடித்துக்கொண்டு கனக்கும். வேட்டி உதறினால் மணல் உதிர்ந்துவிடும், அரை மணியில் காய்ந்தும்விடும். துடைக்கலாம், விரிக்கலாம், தூங்கும் பிள்ளைக்குப் போர்த்தலாம். பிள்ளைகளின் நீச்சல் உடை முழுக்கை வைத்ததாக, ஆரஞ்சு அல்லது பளீரென்ற ரோஜா நிறத்தில் இருக்கட்டும். நீல உடை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. நாங்கள் நீலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டோம். இவற்றோடு ஓஆர்எஸ் பொட்டலம், சத்துமாவு, கொஞ்சம் பருப்புப் பொடி, ஒரு சின்ன புட்டியில் நெய். சூடான சாதம் எந்த விடுதியிலும் கிடைக்கும். காரமான குழம்பைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளை பருப்புப் பொடி சாதத்தை மறுக்காது.

கடல்

வங்காள விரிகுடாவின் இந்தக் கரை குளிப்பதற்கு ஏற்றதல்ல. பார்த்தால் தெரியாது. மணல் சாய்வாக இறங்கி, பத்தடி போவதற்குள் ஆழம் வந்துவிடும் இடங்கள் நிறைய. அலை வந்து மோதுவதைவிடத் திரும்பிப் போகும்போது இழுப்பதுதான் ஆபத்து. அந்த இழுப்பில் பெரியவர்களுக்கே காலடி மணல் சரியும். 15 கிலோ எடையுள்ள பிள்ளை என்ன செய்யும்?

எங்கள் விதி எளிமையானது. கடல் காலுக்கு, குளம் உடம்புக்கு. கடலில் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. அலை வரும்போது ஏறும் உயரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீந்த ஆசைப்பட்டால் விடுதிக் குளத்துக்குப் போகலாம்.

இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். எல்லா இடத்திலும் அலை நுரைத்து உடையும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் 'இங்கே அலையே இல்லையே' என்று அங்கே இறங்கத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப உள்ளே ஓடும் வழி அதுதான். அங்கிருந்து நூறு அடியாவது தள்ளிப் போங்கள். பெரியவர் யாராவது அதில் மாட்டினாலும் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் அலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். காற்றே இல்லாமல், எங்கோ தூரத்துக் கடலில் எழுந்த அலை இங்கே வந்து பாய்வதும் உண்டு. கேரளத்து மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் அந்த எச்சரிக்கை வந்திருந்தது. எச்சரிக்கை இருக்கும் நாளில் ஈர மணலுக்கே போகாதீர்கள். உள்ளூர் மீனவர் ஒருவர் 'இன்னிக்கு வேணாம்மா' என்று சொன்னாலும் அதே மதிப்பு.

அப்புறம், பார்த்துக்கொள்வது. நாலு பெரியவர்கள் இருந்தால் நாலு பேரும் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லித்தான் மாற்றிக்கொள்வோம். 'அத்தை, தம்பியை இப்ப நீங்க பாத்துக்கிறீங்களா?' என்று கேட்பேன். 'சரி, நான் பாக்கறேம்மா' என்று அவர் சொன்ன பிறகுதான் என் கண்ணை எடுப்பேன். அத்தைக்கு முட்டி வலி, ஈர மணலில் ஓட முடியாது. அதனால் காய்ந்த மணலில் விளையாடும்போது மட்டும் அவர் முறை. தண்ணீர் ஓரத்துக்கு வந்தால் நானோ என் கணவரோ, கை நீட்டினால் பிள்ளை எட்டும் தூரத்தில். அந்த நேரம் போன் பைக்குள் இருக்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் முறை இல்லாதவர் எடுக்கட்டும்.

குழி தோண்டுவது பிள்ளைகளுக்கு உயிர். தோண்டட்டும். ஆனால் அவர்கள் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள். ஆழமான மணல் குழி பக்கவாட்டில் சரிந்தால் ஒரு நொடியில் மூடிவிடும். கிளம்பும்போது குழியை மூடிவிட்டு வாருங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் அறுந்த நைலான் நரம்பும் தூண்டில் முள்ளும் கிடக்கும் என்பதால் அங்கே செருப்போடுதான் நடக்க வேண்டும். நீலக் குமிழி போல நீண்ட நூலோடு ஏதாவது ஒதுங்கிக் கிடந்தால், அது கொட்டுகிற கடலுயிரி, செத்துக் கிடந்தாலும் தொட விடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதைச் சுரண்டாமல் இடுக்கியால் எடுத்துவிட்டு, பிறகு பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு.

சரி, பயப்பட வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி அந்த மூன்று வேளையின் சந்தோஷம். அலை பின்வாங்கிய ஈர மணலில் உள்ளங்கையை வைத்து ஒரு பிடி அள்ளச் சொல்லுங்கள். விரல் நுனி அளவில், சாம்பல் நிறத்தில், முட்டை வடிவில் ஒரு சின்ன நண்டு கைக்குள் குறுகுறுவென்று பின்னோக்கித் தோண்டும். கடிக்காது. என் மகன் முதலில் வீறிட்டான். இரண்டாம் தடவை கையை மூடிக்கொண்டு, காதருகே வைத்துக் கேட்டான். மூன்றாம் தடவை மணலில் விட்டு, அது புதைவதற்குள் எண்ணச் சொன்னேன். அவனுக்கு மூன்று வரைதான் எண்ணத் தெரியும். மூன்று சொல்வதற்குள் காணாமல் போய்விட்டது. முக்கால் மணி நேரம் வேறு எதையும் கேட்கவில்லை. மேட்டு மணலில் ஊதாப் பூவோடு படர்ந்திருப்பது அடும்பங்கொடி. சங்கப் பாட்டில் நெய்தல் நிலப் பெண்கள் சூடிய அதே பூ. மணலைப் பிடித்து வைப்பதே அந்தக் கொடிதான், அதனால் பிடுங்கக் கூடாது, உதிர்ந்த பூவை எடுத்துக்கொள்ளலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிட வரும் காலம். இருட்டிய பிறகு மணலில் டார்ச் அடிக்காதீர்கள், போன் வெளிச்சமும் வேண்டாம். 2025 ஜனவரி கடைசியில் நாங்கள் போனபோது ஓர் ஆமை இறந்து ஒதுங்கிக் கிடந்தது. அந்த மாதம் சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. 'தூங்குதா?' என்று மகள் கேட்டாள். இல்லை, செத்துப்போச்சு, மூச்சு வாங்க அது மேலே வரணும், பெரிய வலையில் மாட்டினால் வர முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு சங்கை வைத்துவிட்டு வந்தாள். இப்படிக் கேட்டால் மழுப்பாதீர்கள்.

நடுப்பகல்

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதரை வாக்கில் குளத்தில் முக்கால் மணி நேரம், அதுவும் நிழல் விழும் பக்கமாக. வெயிலுக்கான கிரீமை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையென்றால் கிரீம் வேண்டாம், நிழலும் துணியும் போதும். பன்னிரண்டு மணிக்கு மோர்சாதம், பிறகு திரையை இழுத்துவிட்டு எல்லோரும் தூக்கம். பிள்ளைகள் மட்டும் தூங்கட்டும், நாம் ஊர் சுற்றலாம் என்று நினைக்காதீர்கள். மாலை வேளைக்கு உங்களுக்கும் தெம்பு வேண்டும்.

மாமல்லபுரம் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் இந்தப் பயணத்தில் அடைக்க வேண்டாம். வேண்டுமென்றால் சனிக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம், அர்ச்சுனன் தபசு மட்டும். சாலையோரமாகவே இருக்கிறது. பாறை கிழக்குப் பார்த்தது என்பதால் அந்த நேரம் நிழலில் இருக்கும். கிட்டத்தட்ட 27 மீட்டர் நீளப் பாறையில் பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரிய யானையை முதலில் கண்டுபிடிப்பார்கள்; பூனை அதன் காலடிப் பக்கம்தான். ஐந்து மணிக்கு மணலில் இருந்துவிடலாம். சூரியன் நமக்குப் பின்னால் நிலத்துப் பக்கம் இறங்குவதால் அந்த வேளையில் தென்னை நிழல் மணல்மேல் நீளமாக விழுந்திருக்கும்.

கடற்கரையில் பொரிக்கிற மீன் வாசனை யாரையும் இழுக்கும். நானும் சாப்பிடுவேன். மூன்று வயதுக்காரனுக்குக் கொடுப்பதில்லை. முள்ளும் பழைய எண்ணெயும் இரண்டும் ஆகாது. அவனுக்குச் சோளக்கதிர்.

ஞாயிறு

காலை வேளையை முடித்துக் குளித்து, சாப்பிட்டு, 11 மணிக்கு அறையைக் காலி செய்ததும் நேரே வீடுதான். மாலைவரை இருந்துவிட்டுப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஞாயிறு மாலை சென்னைக்குத் திரும்பும் நெரிசலில் ஈர உடையோடும் பசியோடும் இரண்டு மணி நேரம் உட்கார அவர்களால் முடியாது. முன்கூட்டியே, சனி இரவே சொல்லிவையுங்கள்: நாளைக்குக் காலையில் கடலுக்கு டாட்டா சொல்லிட்டு வந்துடணும். டாட்டா சொல்வதற்கென்று கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். என் மகன் கடலுக்குத் தனியாக ஒன்று, நண்டுக்குத் தனியாக ஒன்று சொல்வான்.

அறையை விட்டு வரும்போது கட்டிலுக்கு அடியிலும் கெட்டில் பக்கத்திலும் ஒரு பார்வை. கதவுக் கைப்பிடியிலிருந்து சலங்கையை அவிழ்த்து மகளிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். திருப்போரூர் தாண்டும்போது சத்தம் நின்றிருந்தால் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வண்டியை வேறெங்கும் நிறுத்தாமல் வீட்டுக்கு விடச் சொல்வேன்.